நெல்லிக்காயும் நான் போட்ட கையெழுத்தும்

சென்ற தை மாதம் நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் பந்தி முடிந்து, வெற்றிலைத் தட்டைச் சுற்றிச் சிலர் நின்று பேசிக்கொண்டிருந்தோம். செம்பூரிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் கைப்பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்து நீட்டினார். "நீங்கள் மருந்துக் கம்பெனியில் இருந்தவர்தானே அண்ணா, இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

நெல்லிக்காய் மாத்திரை. மகன் வெளிநாட்டிலிருந்து வாங்கி அனுப்பியதாம். லேபிளில் 'ஆன்டி ஆக்ஸிடண்ட்' என்று பெரிய எழுத்து. அதன் கீழே எம்ப்ளிகானின் ஏ, எம்ப்ளிகானின் பி என்று இரண்டு பெயர்கள். அவற்றுக்கு நேரே சதவீதக் கணக்கு. அந்த அம்மாளின் கணவருக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை நோய். "இதைச் சாப்பிட ஆரம்பித்த பிறகு டாக்டர் கொடுத்த மாத்திரையில் ஒரு வேளையைக் குறைத்துவிட்டார். முழுவதுமாக நிறுத்திவிடலாமா என்று கேட்கிறார்" என்றார்.

"டாக்டரைக் கேட்காமல் எதையும் குறைக்கவேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். ஒரே கூட்டம், மைக்கில் குழந்தைகள் குறள் ஒப்புவித்துக்கொண்டிருந்தார்கள். அதைச் சாக்காக வைத்துக்கொண்டேன். உண்மையில் நெல்லிக்காய் மாத்திரை லேபிளைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் உள்ளே கொஞ்சம் உறுத்தும். அது ஏன் என்பதையும், அந்த அம்மாளுக்குச் சரியாகச் சொல்லாமல் விட்ட பதிலையும் இங்கே எழுதுகிறேன். அதியமான் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனியைச் சொல்லாமல் நம்மவர் யாரும் நெல்லியைப் பற்றிப் பேசுவதில்லை. நானும் சொல்லிவிட்டேன், மேலே போவோம்.

நான் பாலக்காடு மாவட்டம் சித்தூர்ப் பக்கத்துக்காரன். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் பாதி தமிழ் பாதி மலையாளம். கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டினால் பொள்ளாச்சி. எங்கள் வீட்டுக் கொல்லைக் கிணற்றை எழுபதுகளில் ஒரு கோடையில் தூர் வாரினார்கள். அடியில் கறுத்துப்போன பலகைகள் தெரிந்தன. நெல்லிப் பலகை. கிணறு வெட்டும்போதே அடியில் நெல்லி மரத்தைப் போட்டுவைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். தண்ணீருக்கு ருசி சேரும் என்பார்கள்; அந்த மரமும் தண்ணீருக்குள் லேசில் அழுகாது. பொறுமை எல்லை கடந்துவிட்டால் மலையாளத்தில் 'நெல்லிப்பலக கண்டு' என்பார்கள். கிணறு வற்றி அடிப்பலகை தெரிந்துவிட்டது என்று அர்த்தம். என் அப்பாவின் பொறுமையில் நான் பலமுறை நெல்லிப்பலகை கண்டவன்.

வீட்டில் நெல்லிக்காய் விஷயத்தில் அதிகாரம் முழுவதும் அத்தையிடம். இரும்புக் கத்தி படக்கூடாது. அம்மிக் குழவியால் லேசாகத் தட்டிக் கொட்டை எடுக்கவேண்டும். செம்பு, பித்தளையில் வைக்கக்கூடாது. உப்புத் தண்ணீரில் போட்டு, பரணி என்று நாங்கள் சொல்லும் பீங்கான் ஜாடியில் வாய்க்கு வெள்ளைத் துணி கட்டி வைப்பார். ஆனால் தலைக்கு எண்ணெய் காய்ச்சும் நாளில் அதே நெல்லிக்காயைத் தேடிப்பிடித்து இரும்புச் சட்டியில்தான் போடுவார். "சாப்பிட மட்டும் இரும்பு ஏன் ஆகாது அத்தை?" என்று கேட்டால், "ஆகாதுன்னா ஆகாது, போடா" என்பதோடு சரி.

அதற்குப் பதில் எனக்குக் கல்லூரியில்தான் கிடைத்தது. நெல்லியின் துவர்ப்பு டானின் என்ற பொருளின் சுவை. டானின் இரும்பைக் கண்டால் பிடித்துக்கொண்டு கறுப்பாகிவிடும். பழைய காலத்து எழுதும் மை இதே வித்தைதான். தலைக்குக் கறுப்பு வேண்டும், இரும்பு வேண்டும். ஊறுகாய்க்குக் கறுப்பு ஆகாது. செம்பு விஷயம் இன்னும் நுட்பமானது. துளி செம்பு கலந்தாலும் வைட்டமின் சி காற்றோடு சேர்ந்து வேகமாக அழியும். அத்தை நாலாம் வகுப்பைத் தாண்டாதவர்.

1979-ல் பம்பாய் வந்து, ஒரு மருந்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் சேர்ந்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை, கையெழுத்து என்னுடையது. எண்பதுகளின் நடுவில் அங்கே நெல்லிக்காய்ப் பொடியில் மாத்திரை செய்ய ஆரம்பித்தார்கள். 'இயற்கை வைட்டமின் சி' என்று லேபிள். ஒவ்வொரு மாத்திரையிலும் இத்தனை மில்லிகிராம் என்று அச்சடிக்கவேண்டும். அதைச் சோதித்துக் கையெழுத்துப் போடும் வேலை எனக்கு.

சோதனை சுலபம். கரைசலில் சில சொட்டு ஸ்டார்ச் கஞ்சி விட்டு, மேலேயிருந்து பியூரெட் வழியாக அயோடினைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். வைட்டமின் சி இருக்கும்வரை அயோடினை விழுங்கிக்கொண்டே இருக்கும். அது தீர்ந்த அடுத்த சொட்டில் கஞ்சி நீலமாகும். எத்தனை மில்லி அயோடின் செலவானதோ அதை வைத்துக் கணக்கு. சுத்தமான வைட்டமின் சி மாத்திரைக்கு மருந்தியல் நூலே சொல்லும் முறை இது. நான் அதையே நெல்லிப் பொடிக்கும் செய்தேன். எண் அருமையாக வந்தது. ஐந்து வருஷத்துக்கு மேல் கையெழுத்துப் போட்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் கூடத்துக்கு எச்.பி.எல்.சி. என்ற யந்திரம் வந்தது. நுண்துகள் அடைத்த உருக்குக் குழாய் வழியே கரைசலை அதிக அழுத்தத்தில் தள்ளும். கலந்திருக்கும் பொருள்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிமிஷத்தில் தனித்தனியாக வெளியே வரும். காகிதத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகடு. புது யந்திரம் வந்த உற்சாகத்தில் ஒருநாள் மாலை, யாரும் கேட்காமலே, நெல்லி மாத்திரையைக் கரைத்து விட்டுப் பார்த்தேன். வைட்டமின் சி முகடு நான் எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்த அளவில் பாதியைக்கூட எட்டவில்லை. அதன் பக்கத்தில் பெயர் தெரியாத முகடுகள் ஒரு மலைத்தொடர் மாதிரி நின்றன.

என்ன நடந்தது என்பது புரிய அதிக நேரம் ஆகவில்லை. டானின் வகைகளும் அயோடினை விழுங்கும். தன்னை விழுங்குவது யார் என்று அயோடினுக்குத் தெரியாது. நான் அத்தனையையும் வைட்டமின் சி என்று எண்ணி எழுதியிருந்தேன். மறுநாள் மேலதிகாரியிடம் காகிதத்தைக் காட்டினேன். பார்த்தார். "பழைய முறையும் ஒரு முறைதானே? லேபிள் அச்சாகி வந்துவிட்டது" என்றார். நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. இரண்டு குழந்தைகள், டோம்பிவிலியில் வீட்டுக் கடன். மேலும் இரண்டு வருஷம் அயோடின் முறையிலேயே கையெழுத்துப் போட்டேன். பிறகு விற்பனை குறைந்து மாத்திரையை அவர்களே நிறுத்திவிட்டார்கள். அந்த மாத்திரையால் யாருக்கும் தீங்கு வந்திருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. இருக்கலாம்.

சேப்பாக்கத்தில் 1936-ல்

அந்தப் பெயர் தெரியாத மலைத்தொடரைப் பற்றி அறிந்துகொள்ளும் ஆசை அன்றிலிருந்து விடவில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் நிதானமாகத் தேடிப் படித்தேன். முதலில் கையில் கிடைத்தது நம் சென்னையின் பெயர்!

அதற்கு முன் ஒரு வார்த்தை. ஆக்சிஜன் இல்லாமல் நாம் இல்லை. ஆனால் அதே ஆக்சிஜன்தான் இரும்பைத் துருவாக்குகிறது, எண்ணெயைச் சிக்கு வாடை அடிக்கச் செய்கிறது, நறுக்கிவைத்த ஆப்பிளைப் பழுப்பாக்குகிறது. இந்த அரிப்பைத் தடுக்கிற அல்லது தாமதப்படுத்துகிற பொருளுக்குத்தான் ஆன்டி ஆக்ஸிடண்ட் என்று பெயர். அநேகமாக அது தானே முன்வந்து ஆக்சிஜனுக்குப் பலியாகி, பக்கத்தில் இருப்பதைக் காப்பாற்றும். வைட்டமின் சி அப்படிப்பட்ட பொருள். ஹங்கேரி நாட்டு விஞ்ஞானி ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி அதை 1928-ல் பிரித்தெடுத்தார். பிறகு தம் ஊர்ச் சிவப்பு மிளகாயிலிருந்து ஏராளமாக எடுத்தார். 1937-ல் நோபல் பரிசு பெற்றார்.

வைட்டமின் சி-யின் தொல்லை என்னவென்றால், அது சீக்கிரம் அழிந்துவிடும். வெட்டினால், காய்ச்சினால், வெயிலில் உலர்த்தினால் போயிற்று. ஆனால் நெல்லிக்காய் உலர்ந்த பிறகும் வைட்டமின் சி-யை ஓரளவு விடாமல் வைத்திருக்கிறது. இது எப்படி? சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் எம். தாமோதரன், கே. ஆர். நாயர் என்ற இருவர் இதை எடுத்துக்கொண்டார்கள். நெல்லிக்காயிலிருந்து ஒரு டானினைப் பிரித்தெடுத்து, அது வைட்டமின் சி அழியாமல் காக்கிறது என்று காட்டினார்கள். 1936-ல் லண்டன் பயோகெமிக்கல் ஜர்னலில் அவர்கள் கட்டுரை வெளிவந்தது. அந்த டானினை உடைத்தால் காலிக் அமிலம், எல்லாஜிக் அமிலம், குளுக்கோஸ் கிடைக்கிறது என்பது வரை போனார்கள்.

அன்றைக்கு எச்.பி.எல்.சி. இல்லை. அந்தக் காலத்து ஆய்வுக்கூடங்களில் டானினைப் பிரிக்கச் சாற்றில் ஈய உப்பைக் கலந்து வண்டலாக்குவார்கள். வண்டலிலிருந்து ஈயத்தை நீக்க ஹைட்ரஜன் சல்பைடு வாயுவைச் செலுத்துவார்கள். அழுகிய முட்டை நாற்றம் அந்தக் கூடங்களில் படித்தவர்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். நோபல் பரிசு கொடுத்துக் கொண்டாடிய வைட்டமினுக்கு ஒரு காவல்காரன் உண்டு என்பதைப் பரிசு கொடுப்பதற்கு ஒரு வருஷம் முன்பே சேப்பாக்கத்தில் பார்த்துவிட்டார்கள். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்கு ஓய்வு பெறும்வரை தெரியாது.

இது காகிதத்தோடு நின்ற விஷயமும் இல்லை. 1940-ஐ ஒட்டி அன்றைய பஞ்சாபின் ஹிஸ்ஸார் மாவட்டத்தில் பஞ்சம். பச்சைக் காய்கறி இல்லாமல் ஈறு வீங்கி இரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் பரவியது. உலர்ந்த நெல்லிக்காய்ப் பொடியைக் கொடுத்துக் குணமாக்கினார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் இந்தியச் சிப்பாய்களுக்கும் நெல்லி மாத்திரை போயிற்று. நெல்லியின் பெருமைக்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி எனக்குத் தேவையில்லை. மனிதருக்கு நோய் இருந்தது, கொடுத்தார்கள், போய்விட்டது.

அளவு மட்டும் நெடுங்காலம் தகராறிலேயே இருந்தது. நம் நாட்டு உணவுகளின் சத்து அட்டவணையில், அதாவது டாக்டர் கோபாலன் முதலானோர் தொகுத்த, கல்லூரிகளில் எல்லோரும் வைத்திருந்த அந்தப் புத்தகத்தில், 100 கிராம் நெல்லிக்காயில் 600 மில்லிகிராம் வைட்டமின் சி என்று இருக்கும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் புதிய யந்திரங்களால் அளந்து 2017-ல் வெளியிட்ட அட்டவணையில் அது 250-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. காய்க்குக் காய், ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு. அளக்கும் முறையும் ஒரு காரணம் என்று சொல்ல எனக்கு அனுபவம் இருக்கிறது. 250 என்றாலும் ஆரஞ்சைப்போல நாலைந்து மடங்கு. பெருமைக்கு ஒரு குறைவும் இல்லை. ஆனால் அந்த 600-ஐப் பார்க்கும்போதெல்லாம், பியூரெட்டுக்கு முன்னால் என்னைப்போல் நின்ற யாரோ ஒருவரை நினைத்துக்கொள்வேன்.

பெயர் மாறிய முகடுகள்

இனி அந்த அம்மாள் காட்டிய லேபிளுக்கு வருகிறேன். 1996-ல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் சிப்நாத் கோஷலும் அவருடைய குழுவினரும், நெல்லியிலிருந்து இரண்டு புதிய டானின்களைப் பிரித்திருப்பதாக எழுதினார்கள். அவற்றுக்கு எம்ப்ளிகானின் ஏ, பி என்று பெயர் வைத்தார்கள். நெல்லியின் தாவரவியல் பெயர் அன்று எம்ப்ளிகா அஃபிஸினாலிஸ்; இன்று பில்லாந்தஸ் எம்ப்ளிகா என்கிறார்கள். நெல்லியின் ஆன்டி ஆக்ஸிடண்ட் வலிமைக்கு வைட்டமின் சி-யைவிட இந்த இரண்டுமே காரணம் என்று கருத்து பரவியது. வியாபாரிகளுக்கு ஒரு புதுப் பெயர் கிடைத்தால் போதாதா? உலகமெங்கும் புட்டிகளில் எம்ப்ளிகானின் சதவீதம் ஏறியது.

மற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. 2001-ல் ஜப்பானிய, சீன விஞ்ஞானிகள் சேர்ந்து நெல்லிச் சாற்றைப் பிரித்தார்கள். மியூசிக் அமிலமும் காலிக் அமிலமும் சேர்ந்த புதிய பொருள்கள் பல கிடைத்தன. 2006-ல் இத்தாலியில் சிலர் அளந்து பார்த்து, நெல்லியின் ஆன்டி ஆக்ஸிடண்ட் வேலையில் ஏறக்குறைய 45 முதல் 70 சதவீதம் வைட்டமின் சி-யே செய்கிறது என்றார்கள். 2009-ல் பெங்களூருவின் சாமி லேப்ஸ் ஆய்வாளர்கள் லேபிளையே அசைத்துவிட்டார்கள். எம்ப்ளிகானின் ஏ, பி என்று காட்டப்பட்டுவந்த முகடுகளைத் தனித்தனியாகப் பிரித்துச் சோதித்தால், ஒன்று பீட்டா குளுக்கோகாலின் என்ற பழைய பொருள், மற்றொன்று மேலே சொன்ன மியூசிக் அமில வகை. எம்ப்ளிகானின்கள் அதில் உண்மையிலேயே இருக்கின்றனவா என்பதே சந்தேகம் என்று எழுதினார்கள். இவர்களும் மூலிகைச் சாறு விற்கிறவர்கள்தான் என்பதையும் சொல்லிவிடுவது நியாயம்.

கேட்பவர்களுக்கு இது விஞ்ஞானிகளின் சண்டையாகத் தோன்றும். ஒரு காயிலிருந்து ஒரு பொருளைப் பிரிப்பது எவ்வளவு சிரமம் என்பதை நேரில் பார்த்தவனுக்கு அப்படித் தோன்றாது. சாற்றை எடுத்த நிமிஷத்திலிருந்து அது மாறிக்கொண்டிருக்கும். டானின்கள் தண்ணீரில் சும்மா வைத்தாலே கொஞ்சம் கொஞ்சமாக உடையும். காய்ச்சினால் இன்னும் வேகம். சாற்றைக் கரைப்பான்களால் பங்கு பிரித்து, ஜெல் அடைத்த நீளக் கண்ணாடிக் குழாயில் மேலே ஊற்றி, கீழே சொட்டுவதை நூற்றுக்கணக்கான சோதனைக்குழாய்களில் பிடிக்கவேண்டும். ஒவ்வொன்றிலும் டி.பி.பி.எச். என்ற ஊதா நிறக் கரைசலை விட்டுப் பார்க்கவேண்டும். ஊதா போய் மஞ்சளானால் அந்தக் குழாயில் ஆன்டி ஆக்ஸிடண்ட் உண்டு. பிறகு அது என்ன என்று பெயர் கண்டுபிடிக்க வேறு யந்திரங்கள். கடைசியில் கையில் இருப்பது காயில் இருந்ததா, வழியில் உண்டானதா என்ற கேள்வி எப்போதும் பின்னாலேயே வரும்.

அந்தப் பழைய பொருளான பீட்டா குளுக்கோகாலினை வைத்துத்தான் சர்க்கரைக்காரர்கள் கவனிக்கவேண்டிய செய்தி வந்தது. இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது கண் லென்ஸில் ஆல்டோஸ் ரிடக்டேஸ் என்ற நொதி அதைச் சார்பிட்டாலாக மாற்றிச் சேர்த்துவைக்கிறது. கண்புரைக்கு அது ஒரு காரணம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தாரும் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, நெல்லியிலிருந்து பிரித்த பீட்டா குளுக்கோகாலின் அந்த நொதியைத் தடுக்கிறது என்று 2012-ல் எழுதினார்கள். இந்த ஹைதராபாத் நிறுவனம் பிறந்த இடம் நம் குன்னூர். 1918-ல் அங்கே பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் மக்காரிசன் தொடங்கியது. 1958-ல்தான் ஹைதராபாத் போயிற்று.

ஆனால் எங்கே தடுத்தது? சோதனைக்குழாயில் தடுத்தது, எலியின் கண் லென்ஸைத் தனியே எடுத்து வைத்துப் பார்த்த சோதனையில் சார்பிட்டால் சேர்வதைக் குறைத்தது. அந்த அம்மாளின் கணவருடைய கண்ணில் என்ன செய்யும் என்பது வேறு கேள்வி. சோதனைக்குழாயில் நல்ல பிள்ளையாக இருப்பது உடம்புக்குள் போய் வேறு மாதிரி நடக்கும். 1994-ல் பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேரை வைத்துப் பெரிய சோதனை ஒன்று முடிந்தது. பீட்டா கரோட்டின் பேர்பெற்ற ஆன்டி ஆக்ஸிடண்ட், நுரையீரல் புற்றுநோயைக் குறைக்கும் என்று நம்பி மாத்திரையாகக் கொடுத்தார்கள். சாப்பிட்டவர்களிடம் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. காரட்டில் இருக்கும் அதே பொருள்தான்.

சின்னாறு வழியில்

மாசியில் ஊருக்குப் போயிருந்தேன். அக்கா மறையூரில் இருக்கிறாள். சித்தூரும் மறையூரும் ஒரே கேரளம், ஆனால் நாங்கள் போகும் வழி தமிழ்நாடு. பொள்ளாச்சி, உடுமலை, பிறகு மலையடிவாரம், சின்னாறு சோதனைச்சாவடி தாண்டினால் இடுக்கி மாவட்டம். அக்கா மகன் ஜீப்போடு உடுமலைக்கே வந்துவிட்டான். வழியில் ஒட்டு நெல்லித் தோட்டங்கள். பவானிசாகரில் உண்டாக்கிய பி.எஸ்.ஆர்.1, வடக்கே ஃபைசாபாத்தில் உண்டாக்கிய என்.ஏ.7, இவைதான் இன்று சந்தைக்கு வரும் பெரிய காய்கள். மாட்டுங்கா மார்க்கெட்டில் நாம் வாங்குவதும் இந்த மாதிரிதான்.

சின்னாறு சரணாலயம் மழை மறைவுப் பிரதேசம். மூணாற்றில் கொட்டும் மழை இங்கே எட்டிப்பார்ப்பதோடு சரி. முள்ளும் இலையுதிர்ந்த மரங்களுமான காடு. அதற்குள் காட்டு நெல்லி. முதுவர் பெரியவர் ஒருவர் சிறு மூட்டை நெல்லிக்காயோடு ரோட்டோரம் உட்கார்ந்திருந்தார். அக்கா மகனுக்குத் தெரிந்தவர். காய் சுண்டைக்காய்க்கு அண்ணன் போல இருந்தது. ஒன்றைக் கடித்தேன். பம்பாய்க் காய் இருபது தின்றாலும் வராத துவர்ப்பு. பின்னால் தண்ணீர் குடித்தபோது, சித்தூர் கிணற்றடியில் நின்றுவிட்டேன்!

"முன்னே இந்தச் சரிவில் நெல்லி நிறைய, தம்பி" என்றார் அவர் அக்கா மகனிடம். "இப்போ மரத்து மேலே புல்லுருவி ஏறிடுது. கிளை காஞ்சுபோகுது. சிலபேர் ஏற முடியாமக் கிளையையே வெட்டிப்போட்டுக் காய் பறிக்கிறான்."

இது ஒருவர் சொல்லும் குறை மட்டும் அல்ல. கர்நாடகத்தில் பிளிகிரி ரங்கன் மலையில் சோலிகர்களோடு சேர்ந்து ஆராய்ச்சியாளர்கள் பல வருஷம் நெல்லி மரங்களைக் கணக்கெடுத்தார்கள். அங்கேயும் புல்லுருவிதான் பெரும் தொல்லை. புல்லுருவி பிடித்த கிளையை வெட்டி எடுப்பது மரத்துக்கு நல்லது என்ற சோலிகர்களின் அறிவை விஞ்ஞானிகள் எழுதிவைத்திருக்கிறார்கள். காட்டில் சிறு விளைபொருள்களின் உரிமை பழங்குடியினருக்கே என்று 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சொல்கிறது. பெரியவரிடம் கிலோ என்ன விலை என்று கேட்டேன். சொன்னார். செம்பூர் அம்மாள் காட்டிய புட்டியின் விலையை அதனால் வகுத்துப் பார்த்தேன். விடையை இங்கே எழுதவில்லை. வாசகர்கள் தாங்களே ஒரு புட்டியைக் கையில் எடுத்துக் கணக்குப் பார்க்கலாம்.

கேரளத்தில் ஒரு மூலிகையின் இலாபம் அதைக் காட்டிக்கொடுத்தவர்களுக்குப் போனதுண்டு. 1987-ல் அகத்தியர் மலையில் காணிக்காரர்கள் களைப்புத் தீரத் தின்ற ஆரோக்கியப்பச்சையை ஆராய்ந்த பாலோடு தாவரவியல் பூங்கா நிறுவனத்தார், அதிலிருந்து செய்த 'ஜீவனி' மருந்தின் வருமானத்தில் பாதியைக் காணிகளுக்கென்று ஒதுக்கினார்கள். நெல்லிக்கு அது நடக்காது. இமயமலை அடியிலிருந்து இலங்கை வரை எல்லோருக்கும் தெரிந்த காய். காட்டிக்கொடுத்தவர் என்று யாரைச் சொல்வது? பறிக்கிறவருக்கு நல்ல விலை கொடுப்பது ஒன்றுதான் நம்மால் ஆகும். மூட்டை முழுவதையும் அவர் சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டோம். அக்கா மகன் பேரம் பேச வாயெடுத்தான். அவன் கையை அழுத்தினேன்.

அக்கா வீட்டில் அத்தையின் பரணி இன்னும் இருக்கிறது, விளிம்பில் ஒரு சில்லு போனதோடு. குழவியால் தட்டி, உப்புத் தண்ணீரில் போட்டு, வெள்ளைத் துணி கட்டினோம். காய் உப்பில் ஊறும்போது வைட்டமின் சி எவ்வளவு குறையும், டானின் எவ்வளவு காக்கும் என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்தது. "என்னடா யோசனை?" என்றாள் அக்கா. ஒன்றுமில்லை என்றேன்.

பம்பாய் திரும்பியதும் செம்பூருக்குப் போன் செய்தேன். சொல்லவேண்டியதை இந்தத் தடவை முழுவதும் சொன்னேன். அந்த லேபிளில் எழுதியிருக்கும் இரண்டு பெயர்களும் காயில் இருக்கின்றனவா என்பதே சந்தேகத்தில் இருக்கிறது. நெல்லி நல்ல காய், கிடைக்கும் மாதங்களில் தினம் ஒன்று பச்சையாகச் சாப்பிடட்டும். சர்க்கரை மாத்திரைக்கு அது பதிலாகாது. குறைத்த வேளையை இன்றைக்கே பழையபடி ஆரம்பிக்கச் சொல்லுங்கள்; இந்த வாரமே டாக்டரிடம் போய் இரத்தம் சோதித்து, புட்டியையும் கொண்டுபோய்க் காட்டட்டும். லேபிளில் கையெழுத்துப் போட்டவனாகச் சொல்கிறேன் என்றும், ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றும் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

பிறகு, "சரி அண்ணா. ஊரிலிருந்து உப்பு நெல்லிக்காய் கொண்டுவந்திருப்பீர்களே, அவருக்குக் கொஞ்சம் தருவீர்களா?" என்று கேட்டார்.

அவருக்கு இரத்தக் கொதிப்பும் உண்டா என்று கேட்டேன். உண்டாம். "அப்படியானால் உப்பில் போட்டது வேண்டாம், பச்சைக்காய் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன்" என்றேன்.

"ஞாயிற்றுக்கிழமை நெல்லிக்காய் ஆகாதே அண்ணா, திங்கட்கிழமை வாருங்கள்" என்றார்.